பறக்கும் தட்டானை ஃபோகஸில் பிடிப்பது: கண்மாய்க்கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

உட்கார்ந்திருக்கும் தட்டானை யாரும் எடுத்துவிடலாம். கோரை நுனியில் வந்து உட்காரும், எழும்பும், திரும்ப அதே நுனிக்கே வரும். இரண்டு தடவை பொறுத்திருந்தால் மூன்றாவது தடவை படம் கையில். பறக்கும் தட்டான் வேறு கதை. முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் பக்கத்தில் சாமநத்தம் கண்மாய்க்கரையில் நான் எடுத்தவை சுமார் 1,400 படங்கள். அவற்றில் தட்டான் ஃபிரேமுக்குள் இருந்தது நானூறு சொச்சம். கண் கூர்மையாக விழுந்தது இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றில் வால் வெட்டுப்பட்டிருந்தது.

கேமரா சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பரின் விலை கூடிய கேமராவை இரவல் வாங்கிப் போனேன். அன்றைக்கும் அதே லட்சணம். அப்புறம்தான் புரிந்தது, நான் ஆட்டோஃபோகஸிடம் கேட்ட வேலையே தப்பு. தட்டான் எங்கே என்று தேடு, எவ்வளவு தூரம் என்று அள, அது திரும்பும்போது நீயும் திரும்பு, கடைசியில் கண்ணில் போய் நில் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டியிருந்தேன். மல்லிகையை முழம் போட்டு விற்கிற ஊர்க்காரன் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். தட்டான் வரப்போகும் தூரத்தை ஒரு முழத்துக்குள் நீங்கள் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், மிச்சத்தை ஆட்டோஃபோகஸ் பார்த்துக்கொள்ளும். அந்த முழத்துக்குள் வருவதற்குத்தான் இந்த வழிகாட்டியில் பாதி.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாத் தட்டானும் எப்போதும் பறந்துகொண்டே இருப்பதில்லை. நம் கண்மாய்களில் சாதாரணமாகத் தென்படும் ஒல்லியான பச்சை-கறுப்புத் தட்டானும், மிளகாய்ப்பழச் சிவப்பில் இருப்பதும் உட்காருகிற ரகம். கோரையில் இருந்தபடியே நோட்டம் பார்க்கும். இரை தெரிந்ததும் விருட்டென்று போய்ப் பிடித்துக்கொண்டு திரும்பும். அந்தப் பாய்ச்சலைத் துரத்தினால் கை வலிதான் மிச்சம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மஞ்சளும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த இறக்கையோடு பட்டாம்பூச்சி போலப் படபடத்துத் திரியும் தட்டான். அறிவியல் பெயர் ரையோதெமிஸ் வேரியகேட்டா. வேகம் குறைவு, எதிர்க்காற்றில் மிதந்து நிற்கும். இறக்கை முழுக்கக் கோலம் இருப்பதால் ஆட்டோஃபோகஸுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். மற்றத் தட்டான்களின் கண்ணாடி இறக்கையில் அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை, மார்பையும் தலையையும் நம்பித்தான் ஓட வேண்டும்.

அடுத்த நிலை, ரோந்து சுற்றுகிற பெரிய தட்டான்கள். பச்சை மார்பும், வயிறு தொடங்கும் இடத்தில் நீலத் திட்டுமாக வரும் அனாக்ஸ் இனத்தை எங்கள் தெருவில் ராஜாத் தட்டான் என்போம். அது உட்காரவே உட்காராது என்று தோன்றும். கரையோரமாக ஒரு எல்லையை வைத்துக்கொண்டு போகும், வரும். அந்த ஒழுங்குதான் நமக்குப் பிடி.

பலர் கவனிக்காத ஒரு வாய்ப்பும் உண்டு. உட்காருகிற ரகமே சில நிமிடங்களுக்கு மிதக்கிற ரகமாக மாறும். பெண் தட்டான் வால் நுனியைத் தண்ணீரில் தட்டித் தட்டி முட்டையிடும்போது, இணைந்த ஆண் அதன் தலைக்கு மேலேயே பறந்தபடி காவல் நிற்கும். வேறு ஆண் வந்து தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது அல்லவா. அப்போது அது உங்களைச் சட்டையே செய்யாது. பச்சை-கறுப்புத் தட்டானின் பறக்கும் படங்களில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தவை எல்லாம் இந்தக் காவல் நேரத்தில் எடுத்தவை. பெண் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டுவதைப் பார்த்துவிட்டால், மற்ற எதையும் விட்டுவிட்டு அங்கே திரும்புங்கள்.

எங்கே, எந்த வேளையில்

வைகைத் தண்ணீர் வந்து கண்மாய்கள் பெருகி, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். ஊருக்குள்ளேயே வேண்டுமென்றால் வண்டியூர் கண்மாய். கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் சாமநத்தம், பாலமேட்டுப் பக்கம் சாத்தையாறு அணை, சோழவந்தானின் வயல் வாய்க்கால்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மலையும் சுனையும் கண்மாயுமாக இருக்கும் இடம். அந்த மாதிரிக் கருங்கல் பகுதிகளில் கல்லின் நிறத்திலேயே ஒரு தட்டான் உண்டு. பாறையிலும் கிணற்றுச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு, பறந்தால்தான் அங்கே ஒன்று இருந்ததே தெரியும். அதை ஆட்டோஃபோகஸில் பிடிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். கேமராவுக்கும் நமக்கும் கல்தான் தெரியும்.

சாக்கடை கலந்த தண்ணீர் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடவும் வேண்டாம். செம்மஞ்சள் பூசிய இறக்கையோடு தாழப் பறக்கும் சின்னத் தட்டான் அழுக்குத் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும். கூட்டமாகவே கிடைக்கும்.

காலை ஏழரையிலிருந்து பத்து வரை என் நேரம். அதற்கு முன் தட்டானுக்கு உடம்பு சூடேறியிருக்காது, பறக்காது. பதினொன்றுக்கு மேல் நம் ஊர் வெயிலில் தண்ணீர்ப்பரப்பின் மேல் கானல் எழும்பும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் அந்த அலையே படத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் மங்கலாக வருகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் முதலில் மணியைப் பாருங்கள். காலையில் கண்மாயின் கிழக்குக் கரையில், சூரியன் முதுகில் படும்படி நிற்க வேண்டும். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் இரண்டடி பின்னே வாருங்கள். நிழல் அசைந்தால் ராஜாத் தட்டான் வழியை மாற்றிக்கொள்ளும்.

உபரித் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கமும், பாசனத்துக்குத் திறக்கும் மடைப் பக்கமும் பார்த்து வையுங்கள். கோரை முடிந்து தெளிந்த தண்ணீர் தொடங்கும் மூலைகள் அங்கேதான் அதிகம். கரைச் சேற்றில் கால் வைக்கும் முன் குச்சியால் ஆழம் பாருங்கள். கருவேல முள் ரப்பர் செருப்பையும் துளைக்கும் என்பதால் ஷூ நல்லது. மீன் குத்தகைக்கு விட்ட கண்மாய் என்றால் காவலுக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். எங்கள் கண்மாயில் இருந்த பெரியவர் என் லென்ஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்னத்தத் தம்பி படம் பிடிக்கிறீக?”

“தட்டானைத்தாங்கய்யா.”

“தட்டானையா? அதுக்கா இம்புட்டுப் பெரிய கொழாயி?”

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, மடைக்கு அந்தப் பக்கம் தட்டான் ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கைகாட்டினார். தினமும் கண்மாயைப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஈடு எந்தக் கேமராவிலும் இல்லை.

பதினைந்து நிமிடம் கேமராவைத் தொடாதீர்கள்

போனதும் பையைத் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். ரோந்து சுற்றும் ஆண் எங்கே திரும்புகிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணுகிறீர்கள், எந்த இடத்தில் வேகம் குறைகிறது. பெரும்பாலும் எல்லையின் இரண்டு முனைகளிலும் திரும்புவதற்கு முன் அரை நொடி, சில சமயம் ஒரு முழு நொடி, காற்றில் நிற்கும். நமக்கு அந்த ஒரு நொடி போதும். நடுவழியில் போவதை எடுக்கவே வேண்டாம்.

சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க விட்டிருப்போம். இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டில் எந்தப் பையன் கையில் தட்டான் அதிகம் சிக்கியதோ, அவனுக்கு அது எந்தப் பக்கம் எகிறும் என்பது தெரிந்திருந்தது. அதே அறிவுதான் இங்கேயும் வேண்டும். தட்டானின் ஒரு கூட்டுக்கண்ணில் ஆயிரக்கணக்கான சிறு கண்கள். முன்னும் மேலும் பக்கவாட்டும் அதற்கு ஒரே சமயத்தில் தெரியும். ஒளிந்துபோய் ஏமாற்றலாம் என்பது நடக்காது. மெதுவாகப் போய், ஒரு இடத்தில் அசையாமல் நின்று, கரையோடு கரையாக ஆகிவிடுவதுதான் வழி. பத்து நிமிடத்தில் உங்களையும் ஒரு நெய்வேலிக் காட்டாமணக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் பாருங்கள். எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்தால் சண்டை நடக்கும், இரண்டும் சுழன்று மேலே போகும். அப்போது கேமராவைத் தூக்காதீர்கள். ஜெயித்தது திரும்பிவந்ததும் தன் மூலையை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்க்கும். அந்தச் சுற்று உங்களுக்கு.

ஒரு சாண் ஜன்னல்

லென்ஸ் வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏபிஎஸ்-சி, அதாவது முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 300 மில்லிமீட்டர் லென்ஸ், தட்டான் 3 மீட்டர் தூரத்தில். அப்போது ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு சாண். தட்டான் நொடிக்கு 2 மீட்டர் என்று சாவகாசமாகப் பறந்தாலும் அந்த ஜன்னலை பத்தில் ஒரு நொடியில் கடந்துவிடும். பார்த்ததும் விரலை அழுத்த மனிதனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். பறக்கிறதைப் பார்த்து அழுத்தினால் ஏன் வெறும் தண்ணீர் மட்டும் விழுகிறது என்பதற்கு இதுதான் பதில்.

கூர்மை விழும் ஆழமும் அதே அளவுக்குக் கஞ்சத்தனம். அதே லென்ஸ், அதே தூரம், லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்தால் (எண் கூடினால் துளை சுருங்கும்) முன்னும் பின்னுமாகச் சேர்த்து 3 சென்டிமீட்டர் சொச்சம். எஃப் 5.6 என்றால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுத்தரத் தட்டானின் உடல் நீளம் நாலரை சென்டிமீட்டர். அது உங்களை நோக்கி வந்தால் கண் கூர்மையாக இருக்கும்போது வால் மங்கும். பக்கவாட்டில் கடந்தால் முழுதும் ஒரே தளத்தில் வரும். ஆகவே எல்லையின் முனையைத் தேர்ந்தெடுக்கும்போது, அது உங்களுக்குக் குறுக்கே திரும்புகிற முனையாகப் பாருங்கள்.

லென்ஸில் நான் பார்ப்பது அதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தை. 150-600 வகை லென்ஸ்கள் பறவைக்கு அருமை. ஆனால் பலவற்றில் இரண்டரை மீட்டருக்குக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது, கையும் ஓய்ந்துபோகும். விலை குறைந்த 55-250, 70-300 லென்ஸ்கள் ஒரு மீட்டர் சுற்றுவட்டத்திலேயே ஃபோகஸ் ஆகும், இலேசானவை. என் நல்ல படங்களில் பாதி 70-300இல் எடுத்தவை. மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ் இதற்கு வேண்டாம். அதன் ஃபோகஸ் ஓடுவதற்குள் தட்டான் மேலூர் போய்ச் சேர்ந்துவிடும்.

கேமராவை அமைத்துக்கொள்ளுதல்

ஃபோகஸ் முறையைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். கேனனில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஃபுஜியிலும் ஏஎஃப்-சி.

அடுத்து, ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மாற்றுங்கள். ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஷட்டரிலேயே ஃபோகஸும் இருந்தால், ஒவ்வொரு தடவை விரல் படும்போதும் லென்ஸ் புதிதாகத் தேடத் தொடங்கும். நீங்கள் பொறுமையாக 3 மீட்டரில் நிறுத்தி வைத்த ஃபோகஸ் அக்கரைப் பனைமரத்துக்கு ஓடிவிடும். கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டால் நீங்கள் தொடும்வரை ஃபோகஸ் வைத்த இடத்திலேயே நிற்கும். முதல் வாரம் விரல் குழம்பும், இரண்டாவது வாரம் பழகிவிடும்.

லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லைச் சுவிட்ச் இருந்தால் அதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பறவை எடுப்பவர்கள் 3 மீட்டரிலிருந்து முடிவிலி வரை என்று தள்ளி வைத்திருப்பார்கள். நானும் முந்தின நாள் நாரை எடுத்துவிட்டு அப்படியே வைத்திருந்தேன். காலை முழுக்க இரண்டு மீட்டர் தூரத்தில் ராஜாத் தட்டான் ஒன்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்சி கொடுத்தது. லென்ஸ் முக்கி முனகியது, ஒரு படம் கூடக் கூர்மையாக விழவில்லை. பேட்டரியை மாற்றினேன், தொடர்புமுனைகளைத் துடைத்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றி வைக்கும்போதுதான் சுவிட்ச் கண்ணில் பட்டது.

ஃபோகஸ் பரப்பு எவ்வளவு என்பது பின்னணியைப் பொறுத்தது. பின்னால் வெறும் தண்ணீர் அல்லது வானம் என்றால் மண்டலம் போன்ற பெரிய பரப்பு, தட்டானைத் தவறவிட இடம் குறைவு. பின்னால் கோரையும் சம்பும் இருந்தால் பெரிய பரப்பு செடியைத்தான் பிடிக்கும். அப்போது நடுப்புள்ளியும் அதைச் சுற்றிய சில புள்ளிகளும் சேர்ந்த சின்னக் குழு போதும். உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் நடுப்புள்ளியை விட்டு நகராதீர்கள், அங்கேதான் அதற்குப் பார்வை அதிகம்.

புதிய கேமராக்களில் பொருளைத் தானாகக் கண்டுகொள்ளும் வசதி இருக்கிறது. சோனி 2022இல் ஏ7ஆர் 5இல் பூச்சிக்கென்றே தனி அமைப்பு கொடுத்தது. ஃபுஜியில் பூச்சிக்குப் பறவை அமைப்பையே வைக்கச் சொல்கிறார்கள். நிக்கானிலும் பறவை அமைப்பு பெரிய தட்டான்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. தட்டான் ஓரளவாவது தெளிவாகத் தெரிந்தால்தான் அது தட்டான் என்று கேமராவுக்குத் தெரியும். மங்கல் புள்ளியாக இருக்கும்வரை எவ்வளவு விலை கொடுத்த மூளையாக இருந்தாலும் சும்மாதான் இருக்கும். திரும்பவும் அந்த முழத்துக்கே வந்து நிற்கிறோம்.

பின்தொடரும் உணர்திறன் என்றோ, பூட்டிப் பிடித்தல் என்றோ மெனுவில் ஒன்று இருக்கும். அதைப் பூட்டிப் பிடிக்கும் பக்கம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தட்டான் புள்ளியை விட்டு ஒரு கணம் நழுவினாலும் ஃபோகஸ் உடனே பின்னணிக்குத் தாவாமல் காத்திருக்கும்.

இனி வெளிச்சம். தட்டான் நொடிக்குச் சுமார் 30 தடவை இறக்கை அடிக்கும். நாலு சென்டிமீட்டர் இறக்கை என்று வைத்துக் கணக்குப் போட்டால் நுனி நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படத்தில் புகையாகத் தெரியும். 1/3200 வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். நல்ல வெயிலில் எஃப் 8, 1/3200 என்றால் சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800 சரியாக வரும். இளங்காலையில் 1600, 2000 வரை போகும். போகட்டும், மணல்மணலாக வருவதைச் சரிசெய்யலாம், மங்கலாக விழுந்ததைச் சரிசெய்ய முடியாது. துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் கையாலேயே வைத்துவிடுங்கள். தானாகக் கணக்கிட விட்டால், தட்டான் கரிய தண்ணீரிலிருந்து வெள்ளை வானத்துக்கு எழும்பும்போது வெளிச்சக் கணக்கும் கூடவே எகிறும்.

மின்னணு ஷட்டரில் கவனம் தேவை. பல கேமராக்கள் சென்சாரை மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கும். அதற்குள் இறக்கை நகர்ந்துவிடுவதால் வாழை இலை வாடினது போல வளைந்து விழும். அப்படி வந்தால் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். முக்காலியைப் பற்றிக் கேட்பார்கள். வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த நொடி

இப்போது மூலை தெரியும், அது நிற்கும் இடம் தெரியும். அந்த இடத்துக்கு நேர் கீழே அல்லது அருகே அதே தூரத்தில் ஒரு கோரைத்தண்டு, ஒரு ஆகாயத்தாமரை இலை, மிதக்கும் குச்சி ஏதாவது இருக்கும். அதன்மேல் ஃபோகஸ் செய்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். முழத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், கிட்டத்தில் லென்ஸுக்கு வேலை அதிகம். 300 மில்லிமீட்டர் லென்ஸ் 3 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு வருவதற்கு, 10 மீட்டரிலிருந்து முடிவிலிக்குப் போவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட வேண்டும். பருந்தை வெண்ணெயாகப் பிடிக்கும் கேமரா தட்டானிடம் திணறுவது இதனால்தான். ஃபேஸ் முறையில் வேலை செய்யும் ஆட்டோஃபோகஸ், ஃபோகஸ் முன்னே போக வேண்டுமா பின்னே போக வேண்டுமா என்பதை இரண்டாகப் பிரிந்த பிம்பத்திலிருந்து படித்துக்கொள்ளும். பிம்பம் அடியோடு கலங்கியிருந்தால் படிக்க ஒன்றும் இல்லாமல் கடைசி வரை போய்த் திரும்பி வரும். அந்த ஒரு ஓட்டத்துக்குள் தட்டான் போயே போய்விடும்.

கேமராவைக் கண்ணில் வைத்து, மற்றொரு கண்ணையும் திறந்தே வையுங்கள். வெறுங்கண் தட்டானைப் பார்க்கட்டும், கேமராவில் இருக்கும் கண் மூலையைப் பார்க்கட்டும். ஆரம்பத்தில் தலை சுற்றுவது போல இருக்கும். மொட்டைமாடியில் பழகிக்கொள்ளலாம். மூன்று மீட்டர் தள்ளி ஏதோ ஒரு முருங்கை இலையை வெறும் கண்ணால் பாருங்கள், பார்வையை எடுக்காமல் கேமராவைத் தூக்குங்கள், அதே இலை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். தினம் இருபது தடவை. ஒரு சாண் ஜன்னலுக்குள் பொருளை முதல் தடவையிலேயே கொண்டுவரக் கை பழகிவிட்டால், பாதி வேலை முடிந்தது.

தட்டான் வருகிறது. ஃபிரேமுக்குள் மங்கலாக ஒரு உருவம் நுழைந்ததும் கட்டைவிரலை அழுத்துங்கள். பிடித்ததா? ஷட்டர். நாலைந்து படம் போதும், நிறுத்துங்கள். கட்டைவிரலை எடுத்து மறுபடி அழுத்துங்கள், மறுபடி நாலைந்து. இப்படி விட்டு விட்டு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொடர் ஃபோகஸ் பொருளின் வேகத்தை வைத்து, அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று ஊகித்து லென்ஸை முன்கூட்டியே நகர்த்தும். பேருந்துக்கும் ஓட்டக்காரருக்கும் அந்த ஊகம் பலிக்கும். தட்டான் வந்த வேகத்தில் சட்டென்று நின்றுவிடும், பக்கவாட்டில் வழுக்கும், பின்னோக்கியும் போகும். கேமரா தன் பழைய ஊகத்தோடு தட்டானைத் தாண்டிப் போயிருக்கும். விரலை எடுத்து அழுத்தினால் பழையதை மறந்து புதிதாக அளக்கும்.

பின்னணியைப் பிடித்துவிட்டால் அங்கேயே போராடாதீர்கள். தட்டான் இன்னொரு சுற்று வரும். கட்டைவிரலை எடுத்து, பழைய கோரைத்தண்டுக்குத் திரும்பி ஃபோகஸ் செய்து, மறுபடி காத்திருங்கள். பொறுமை இழந்து தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தாவுகிறவர்கள்தான் 1,400 படத்துடன் வீட்டுக்குப் போகிறார்கள்.

சில மூலைகளில் பின்னணி ஒரேயடியாகச் செடியாக இருக்கும், எந்த அமைப்பும் எடுபடாது. அங்கே ஆட்டோஃபோகஸையே அணைத்துவிடுங்கள். தண்டில் வைத்த ஃபோகஸை அப்படியே நிறுத்தி, எஃப் 11க்குப் போய், உடம்பையே விரல்கடை அளவு முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். தட்டான் கூர்மையாகும் கணம் வ்யூஃபைண்டரில் பளிச்சென்று தெரியும். பழைய முறைதான், ஆனால் காவல் நிற்கும் ஆணுக்கு எனக்கு இதைவிட நல்ல முறை தெரியாது.

கிளம்புவதைப் பிடிக்க

தண்ணீருக்கு மேல் நீட்டிய குச்சியின் நுனியில் மஞ்சள்-கறுப்பு வரி போட்ட தடித்த தட்டான் ஒன்று உட்காரும். இக்டினோகோம்பஸ் ராபாக்ஸ். கிளம்பிப் போய் அதே நுனிக்கு வரும். இங்கே முன்பதிவு வசதி கைகொடுக்கும். பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போதே கேமரா படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துவைத்து, முழுதும் அழுத்தியதும் அதற்கு முந்தைய கணங்களையும் சேமிக்கும். ஓஎம் சிஸ்டத்தில் புரோ கேப்சர், கேனன் ஆர்7இல் அரை நொடி வரை. கண்ணில் ஃபோகஸ் வைத்து நிறுத்திவிடுங்கள். அது எழும்பும் பக்கத்தில் ஃபிரேமில் இடம் விடுங்கள், பெரும்பாலும் காற்றை எதிர்த்து எழும்பும். மின்னணு ஷட்டரில்தான் இது வேலை செய்யும் என்பதால் வளைந்த இறக்கைகளும் சில வரும்.

மழைக்கு முந்தின கூட்டம்

தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள். செப்டம்பர், அக்டோபர் சாயங்காலங்களில் வெட்டவெளியில் நூற்றுக்கணக்கில் சுற்றும் வெளிர்மஞ்சள் தட்டான் பண்டாலா ஃபிளாவெசென்ஸ். இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். பள்ளிக்கூட மைதானத்தில் நம் தலைக்கு மேலே சுற்றுகிறதும் அந்த இனம்தான்.

கூட்டம் என்றதும் எதையாவது பிடித்துவிடலாம் என்று கேமராவை அங்குமிங்கும் வீசத் தோன்றும். ஒன்றும் விழாது. 5 மீட்டர் தூரத்தில் ஏதாவதொன்றில் ஃபோகஸை வைத்து, பெரிய மண்டலத்தைத் தேர்ந்து, உங்களுக்கு எதிரே வருகிற ஒன்றை மட்டும் பாருங்கள். காற்று வீசினால் அதை எதிர்த்துப் பறக்கும்போது வேகம் குறையும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றால் தட்டான்கள் முகத்தைக் காட்டியபடி மெதுவாக வரும். வானம் பின்னணி என்பதால் வெளிச்சத்தை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள், இல்லையென்றால் கரிக்கட்டையாக விழும்.

நிறுத்தி வைத்த பளபளக்கும் காரின் மேலும் இவை வட்டமிடும், வாலால் பானெட்டைத் தட்டும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் தன்மை பெயின்டிலும் இருப்பதால் குளம் என்று ஏமாறி முட்டையிடப் பார்க்கிறது. பாவம்தான். ஆனால் இடுப்பு உயரத்தில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வரும் தட்டான் வேறெங்கே கிடைக்கும்? ஒரு திருமண மண்டப வாசலில், வரிசையில் நிற்கச் சொல்லி உறவினர்கள் கூப்பிடக் கூப்பிட, கறுப்புக் காரின் முன்னால் குனிந்து நின்று ஏழு நல்ல படங்கள் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பின்

படங்களை நூறு சதவீத அளவில் திறந்து கண்ணை மட்டும் பாருங்கள். கண் மங்கல் என்றால் இறக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். கண் கூர்மை, இறக்கை நுனி மட்டும் லேசாக அசைந்திருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், பறக்கிற உணர்வே அதில்தான் இருக்கும். தவறியவற்றிலும் ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று பாருங்கள். எல்லாம் பின்னால் விழுந்திருந்தால் பரப்பு பெரிதாகிவிட்டது. முன்னும் பின்னும் மாறி மாறி விழுந்திருந்தால் கட்டைவிரலை விடாமல் அழுத்தியிருக்கிறீர்கள்.

ஒரு சின்ன நோட்டில் மூலையைக் குறித்து வையுங்கள். என் நோட்டில் ஒரு வரி: “கலுங்குக்கு இடப்பக்கம், 8.40, 3 மீட்டர், வலமிருந்து இடம் திரும்பும், அரை நொடி.” அடுத்த வாரம் அதே ஆள் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல மூலை காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. பழையது போயிருந்தால் வேறொன்று வந்து பட்டா போட்டிருக்கும், அதுவும் அதே இடத்தில்தான் திரும்பும்.